எண்ட்கேம் விடை உளறலாக வருகிறதா? முதலில் டைல்களை எண்ணுங்கள்

போன வருடம் 7 பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்ற ஒரு ஸ்கிராபிள் ஆட்டத்தை ராத்திரி சாப்பிட்ட கையோடு, ஸ்கிராபிள் ஆட்டங்களை ஆராயும் மென்பொருளான குவாக்கிளில் ஏற்றிப் பார்த்தேன். டைல் எடுக்கும் பை காலி, என் முறை, கையில் 7 டைல், வலது கீழ் மூலையில் 31 பாயிண்டுக்கு ஓர் இடம் பளிச்சென்று திறந்து கிடக்கிறது. மென்பொருளோ அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இடது பக்கம் யாரும் சீண்டாத ஓர் இடத்தில் 9 பாயிண்டுக்கு ஒரு குட்டி வார்த்தையை வை என்கிறது. இதற்கு எண்ட்கேமே ஆடத் தெரியாது என்று ஒன்றரை மணி நேரம் திட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப ஓட்டினேன், நிரலை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் பார்த்தால், ஆட்டத்தின் நடுவில் எதிராளி பிளாங்க்கை, அதாவது எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்று டைலை, எஸ் ஆக வைத்திருந்ததை நான் நிஜ எஸ் என்று தட்டி வைத்திருக்கிறேன். அதனால் மென்பொருளின் கணக்கில் அந்த பிளாங்க் இன்னும் எதிராளி கையில் இருக்கிறது, அதை வைத்து அவர் இடது பக்கத்தில் 7 டைலையும் ஒரே மூச்சில் இறக்கி 50 போனஸும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதைத் தடுக்கத்தான் அந்த 9 பாயிண்ட் வார்த்தை. அது சரியாகத்தான் யோசித்திருக்கிறது, நான் கொடுத்த பலகைதான் பொய்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எண்ட்கேம் விடை விநோதமாக இருந்தால் மென்பொருளைச் சந்தேகப்படுவது கடைசி வேலை. முதலில் டைல்கள், அடுத்து மூவ்கள், அடுத்து அகராதி, அதெல்லாம் சரி என்றால்தான் தேடல் எப்படி ஓடியது என்று பார்ப்பது. இந்த வரிசையை மாற்றினால் என்னைப் போலத் தூக்கம் போகும்.

எண்ட்கேம் என்று இங்கே சொல்வது பை காலியான பிறகு நடக்கும் ஆட்டத்தை மட்டும்தான். பை காலியானதும் பலகையில் இல்லாத, என் கையிலும் இல்லாத டைல் எல்லாம் எதிராளி கையில்தான் இருக்க முடியும். அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலை கிடையாது, சதுரங்கம் மாதிரி இருவருக்கும் எல்லாமே தெரியும். ஆகவே விடை என்று ஒன்று நிச்சயமாக உண்டு. ஒரே நிலைக்கு இரண்டு மென்பொருள்கள் வெவ்வேறு மதிப்புச் சொன்னால் ஒன்று தப்பு, அல்லது இரண்டுக்கும் நீங்கள் கொடுத்த நிலை ஒன்றல்ல.

நூறு கணக்கு

ஆங்கில செட்டில் 100 டைல், அதில் 2 பிளாங்க். பலகையில் இருப்பது, உங்கள் கையில் இருப்பது, மென்பொருள் ‘இன்னும் பார்க்காதவை’ என்று காட்டுவது, மூன்றையும் கூட்டினால் 100 வரவேண்டும். மென்பொருளில் அது எப்போதுமே வரும், ஏனென்றால் அது கழித்துத்தான் காட்டுகிறது. அதனால் கூட்டலை மட்டும் பார்த்துத் திருப்தியாகிவிடாதீர்கள். பார்க்கவேண்டியது எதிராளி கையில் எத்தனை டைல் இருப்பதாக அது நினைக்கிறது என்பதை.

பலகையில் 86, உங்கள் கையில் 7, மீதி 7. சரி. பார்க்காதவை 8 என்று காட்டினால், எங்கோ ஒரு டைலை நீங்கள் பலகையில் வைக்காமல் விட்டிருக்கிறீர்கள், அல்லது உங்கள் கையை 7-க்குப் பதில் 6 என்று எழுதியிருக்கிறீர்கள். இது சின்னத் தவறு மாதிரி தெரியும், ஆனால் விளைவு பெரியது. 8 பார்க்காதவை என்றால் மென்பொருளுக்குப் பையில் இன்னும் ஒரு டைல் இருக்கிறது என்று அர்த்தம். உடனே அது எண்ட்கேம் தேடலையே தொடாது, சாதாரண நடு ஆட்ட மதிப்பீட்டுக்குப் போய்விடும். ‘எண்ட்கேம் வேலை செய்யவில்லை, வழக்கமான பட்டியல்தான் வருகிறது’ என்று யாராவது புலம்பினால் நான் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.

இன்னொரு சோதனையும் உண்டு, பெரும்பாலானவர்கள் இதை யோசிப்பதில்லை. பை காலியான பிறகு வரும் முதல் முறையில், யார் ஆடப்போகிறாரோ அவர் கையில் முழு 7 டைல் இருந்தே ஆகவேண்டும். பையைக் காலி செய்தவர் கையில்தான் 7-க்குக் குறைவாக இருக்கலாம், ஏனென்றால் கடைசியில் எடுக்க டைல் போதாமல் போனது அவருக்குத்தான். அந்த முதல் முறையில் ஆடப்போகிறவர் கையில் 6 தான் என்று பதிவு காட்டினால், பதிவு தப்பு, அல்லது நிஜ ஆட்டத்திலேயே யாரோ ஒரு டைல் எடுக்க மறந்திருக்கிறார்கள். இரண்டாவது வகை நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும்.

இப்போது என்னைக் கவிழ்த்த விஷயம். பிளாங்க்கை நிஜ எழுத்தாகப் போட்டால் மொத்த எண்ணிக்கை மாறாது, டைல் என்னவோ ஒன்றுதான் இறங்கியிருக்கிறது. ஆகவே மேலே சொன்ன இரண்டு சோதனையும் அதைப் பிடிக்காது. செட்டில் எஸ் 4 தான். பலகையில் 4 நிஜ எஸ் இருந்து, 5-ஆவதாக பிளாங்க் எஸ்ஸை நிஜமாகத் தட்டினால் கணக்கு உதைக்கும், கண்ணில் படும். பலகையில் மொத்தமே 3 எஸ், அதில் ஒன்று பிளாங்க் என்றால் சத்தமே வராது. நிஜத்தில் வெளியே 2 எஸ் மிச்சம் இருக்கவேண்டும், மென்பொருளோ 1 எஸ்ஸும் ஒரு பிளாங்க்கும் மிச்சம் என்று நினைக்கும். பிளாங்க் கையில் இருக்கிற எதிராளியும் எஸ் கையில் இருக்கிற எதிராளியும் வேறு வேறு ஆட்கள்.

இதைப் பிடிக்க ஒரே வழி மதிப்பெண். பிளாங்க்குக்கு 0, நிஜ எஸ்ஸுக்கு 1, அது இரட்டிப்பு, மும்மடங்கு கட்டத்தில் விழுந்தால் இன்னும் கூடும். நீங்கள் ஸ்கோர்ஷீட்டில் எழுதிய மொத்தமும் மென்பொருள் கூட்டிய மொத்தமும் எந்த மூவில் முதன்முதலாகப் பிரிகிறதோ, தவறு அந்த மூவில்தான். கடைசியிலிருந்து தேடாதீர்கள். முதல் மூவிலிருந்து வரிசையாக இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள், 3 நிமிட வேலை. 1 பாயிண்ட், 2 பாயிண்ட் வித்தியாசம் என்றால் பிளாங்க்கைச் சந்தேகப்படுங்கள், 10, 20 என்றால் இடமோ திசையோ தப்பு. ஆட்டத்தின்போதே தப்பாகக் கூட்டி இருவரும் கவனிக்காமல் விட்டிருப்பதும் உண்டு, அப்போது மென்பொருள்தான் சரி. அந்த உண்மையை எதிராளியிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் நட்பைப் பொறுத்தது.

வீட்டு செட்டில் ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் நிஜமாகவே 100 டைல் இருக்கிறதா? சோபாவுக்கு அடியில் போன ஒரு ஐ, குழந்தை வாயில் போட்டு எங்கோ துப்பிய ஓர் ஓ, இதெல்லாம் மென்பொருளுக்குத் தெரியாது. அது தொலைந்த டைலையும் எதிராளி கையில் கொண்டுபோய் வைக்கும். எழுத்துக்கு எத்தனை டைல் என்ற விவரம் குவாக்கிளில் ஒரு தனிக் கோப்பில் இருக்கிறது, அதை நகலெடுத்து ஓர் எண்ணைக் குறைத்துக்கொள்ளலாம். அதைவிட ஒரு துண்டு அட்டையை வெட்டி டைல் செய்துகொள்வது சுலபம்.

மூவ்களைப் பதிவதில் நடக்கும் கூத்து

ஜிசிஜி என்ற கோப்பு வடிவத்தில்தான் பெரும்பாலான ஆட்டங்கள் சேமிக்கப்படுகின்றன. வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து படிக்கலாம், திருத்தலாம். ஒவ்வொரு வரியிலும் ஆடியவர் பெயர், கையிலிருந்த டைல்கள், இடம், வார்த்தை, அந்த மூவின் மதிப்பெண், மொத்தம், அவ்வளவுதான். இதில் நான்கு இடங்களில் தடுமாற்றம் வரும்.

இடக்குறிப்பு முதலாவது. எண் முதலில் வந்தால் கிடைமட்டம், எழுத்து முதலில் வந்தால் செங்குத்து. 8டி என்றால் 8-ஆம் வரிசையில் டி கட்டத்தில் தொடங்கி இடமிருந்து வலம். டி8 என்றால் அதே கட்டத்தில் தொடங்கி மேலிருந்து கீழ். நடுக் கட்டம் 8எச். முதல் வார்த்தையை அங்கே தொடங்கி, 8எச் என்பதற்குப் பதில் எச்8 என்று தட்டிவிட்டால் மதிப்பெண் இம்மி மாறாது, ஏனென்றால் பலகை மூலைவிட்டத்துக்கு இருபுறமும் ஒரே மாதிரி. அடுத்த மூவில்தான் எல்லாம் அந்தரத்தில் தொங்கும்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டாவது. பிளாங்க்கைச் சின்ன எழுத்தில் எழுதவேண்டும். கேப்ஸ் லாக்கைப் போட்டுக்கொண்டு மளமளவென்று தட்டுகிற என் போன்றவர்கள் விழுவது இங்கேதான். ஏற்கனவே பலகையில் இருக்கும் எழுத்தின் மேலாக வார்த்தை போனால் அந்த எழுத்துக்குப் பதில் ஒரு புள்ளி வைப்பது வழக்கம். புள்ளியை மறந்து எழுத்தையே போட்டாலும் சில மென்பொருள்கள் புரிந்துகொள்ளும், சிலவற்றில் அந்த டைலும் கையிலிருந்து இறங்கியதாகக் கணக்காகி, ஒரு டைல் கூடுதலாகத் தின்றுவிடும்.

மூன்றாவது, சேலஞ்ச் செய்து எடுக்கப்பட்ட போலி வார்த்தைகள். எதிராளி அகராதியில் இல்லாத ஒன்றை வைத்தார், நீங்கள் சேலஞ்ச் செய்தீர்கள், டைல்கள் அவர் கைக்கே திரும்பின. கோப்பில் வார்த்தை வைத்த வரிக்கு அடுத்ததாக அதைத் திரும்ப எடுத்த வரியும் இருக்கவேண்டும், இரண்டு கோடு போட்டு, கிடைத்த மதிப்பெண்ணைக் கழித்து. அந்த இரண்டாவது வரி இல்லையென்றால் வார்த்தை பலகையிலேயே உட்கார்ந்திருக்கும், அதன் முன்னோ பின்னோ எழுத்தை ஒட்டி, அதாவது கொக்கி போட்டு, அடுத்த வார்த்தைகள் வரும், பார்க்காதவை பட்டியல் நாறிப்போகும்.

நான்காவது, பாஸ். யாரோ பாஸ் செய்ததை எழுத மறந்தால் அங்கிருந்து முறை தலைகீழாகிவிடும். நீங்கள் ஆடவேண்டிய இடத்தில் எதிராளி ஆடுவதாக நினைத்து மென்பொருள் அவருக்கு நல்ல மூவைத் தேடிக் கொடுக்கும். அறிகுறி எளிது, பரிந்துரைத்த வார்த்தையில் உங்கள் கையில் இல்லாத எழுத்துகள் இருக்கும். ‘என் கையில் இசட் எங்கே இருக்கிறது’ என்று ஒருவர் என்னிடம் கேட்டபோது நான் சிரித்ததற்கு இன்னும் என்மேல் வருத்தம் அவருக்கு.

இன்னொன்று, கைப்பேசிச் செயலியில் ஆடிய ஆட்டத்தை இங்கே கொண்டுவந்து போடுவது. வேர்ட்ஸ் வித் ஃப்ரெண்ட்ஸில் 104 டைல், எழுத்துகளின் மதிப்பு வேறு, பரிசுக் கட்டங்களின் இடம் வேறு, 7 டைலும் இறக்கினால் 50 அல்ல 35. அதை ஸ்கிராபிள் பலகையில் வைத்து எண்ட்கேம் கேட்டால் வருகிற விடைக்குப் பொருளே இல்லை.

எந்த அகராதி, எந்த வருடம்

வட அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலான இடங்களில், இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் உட்பட, எந்த வார்த்தை செல்லும் என்பதற்குக் காலின்ஸ் பட்டியல்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலும் என்டபிள்யூஎல் என்ற வட அமெரிக்கப் பட்டியல். ஈரெழுத்து வார்த்தைகளை மட்டும் எடுத்தால் காலின்ஸில் 127, என்டபிள்யூஎல்லில் 107. எண்ட்கேம் என்பதே ஒற்றை டைலை எங்கே செருகுவது என்ற போட்டிதானே, இந்த 20 வார்த்தை வித்தியாசம் விடையைப் புரட்டிப் போட்டுவிடும்.

வருடமும் முக்கியம். க்யூவும் ஐயும் சேர்ந்த அந்த ஈரெழுத்து வார்த்தை, இன்று க்யூவைத் தள்ளிவிட எல்லோரும் முதலில் தேடுவது, அமெரிக்கப் பட்டியலுக்குள் 2006-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பட்டியலை ஏற்றி வைத்திருந்தால் மென்பொருள் எதிராளி கையில் க்யூ சிக்கிக்கொண்டது என்று நினைத்துக் கொண்டாடும், நிஜ எதிராளியோ ஓர் ஐயைப் பார்த்து நிம்மதியாக வைத்துவிட்டுப் போவார். ஓகே என்ற வார்த்தையும் அதே போல. காலின்ஸில் 2019 முதல்தான் செல்லும். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: 2020-இல் வட அமெரிக்கப் பட்டியலிலிருந்து வசைச்சொற்கள் பலவற்றை எடுத்துவிட்டார்கள், பழைய பட்டியல் அவற்றை இன்னும் பரிந்துரைக்கும்.

சோதிப்பது எப்படி என்றால், அமைப்புகளில் எழுதியிருக்கும் பெயரை நம்பாதீர்கள். கோப்பின் பெயர் ஒன்றும் உள்ளே இருப்பது வேறொன்றுமாக நானே பார்த்திருக்கிறேன். ஒரு காலிப் பலகையில் 2, 3 வார்த்தைகளை வைத்துப் பாருங்கள். இசட்-ஈ என்ற ஈரெழுத்து வார்த்தை ஏற்றுக்கொள்ளப்பட்டால் காலின்ஸ் 2019 அல்லது அதற்குப் பிந்தையது. ஓகே செல்கிறது, இசட்-ஈ செல்லவில்லை என்றால் புதிய வட அமெரிக்கப் பட்டியல். ஓகேவே செல்லவில்லை என்றால் எதுவாயினும் பழசு. பழையதாக இருந்தால் குவாக்கிளில் புதிய வார்த்தைப் பட்டியலை எழுத்துக் கோப்பாகக் கொடுத்து அகராதியைப் புதிதாகக் கட்டிக்கொள்ள வசதி உண்டு.

இதெல்லாம் சரி, இன்னும் விடை இடிக்கிறது

அப்படியானால் இப்போது தேடலைப் பார்க்கலாம். முதல் கேள்வி, நீங்கள் பார்ப்பது தேடலின் விடைதானா? குவாக்கிளில் மூவ்களின் பட்டியலை உருவாக்கச் சொன்னால் வருவது மேலோட்டமான மதிப்பீடு. இந்த மூவுக்கு இவ்வளவு மதிப்பெண், கையில் மிச்சமிருக்கும் டைல்களுக்கு இவ்வளவு கழிவு என்று ஒரு சூத்திரத்தில் போட்டுத் தருவது, எதிராளி என்ன செய்வார் என்று அது ஒரு மூவ்கூட யோசிப்பதில்லை. எண்ட்கேமுக்கு அது போதாது. மீதி டைல்களைக் குலுக்கிப் பலமுறை ஆடிப் பார்க்கும் சிமுலேஷனும் சரிப்படாது. பையில் நிறைய டைல் இருக்கும்போது சராசரி எடுக்கத்தான் சிமுலேஷன். பை காலியான பிறகு சராசரி எடுக்க என்ன இருக்கிறது? அங்கே எதிராளி மேலோட்டமாகப் பார்த்து ஆடுவதாக வைத்துக்கொண்டுதான் அது ஓடும், நிஜ எதிராளி அப்படி ஆடமாட்டார். குவாக்கிளின் வலுவான கணினி ஆட்டக்காரரிடம் கேட்டால்தான் அது எண்ட்கேம் தேடலைத் தொடங்கும்.

அந்தத் தேடலுக்கும் எல்லை உண்டு. குவாக்கிள் எல்லாக் கிளைகளையும் முழுக்க ஆராய்வதில்லை, நம்பிக்கை தருகிற மூவ்களை மட்டும் எடுத்துக்கொண்டு போகும். பெரும்பாலும் சரியாக வரும், சிக்கலான நிலைகளில் வழுக்கும். ஜேசன் காட்ஸ்-பிரவுனும் ஜான் ஓ’லாஃப்லினும் இதை எழுதியபோது இருந்த கணினிகளை நினைத்துக்கொண்டால் குறை சொல்ல மனம் வராது. அதற்கும் முன்னால் பிரையன் ஷெப்பர்டின் மேவன் என்ற ஸ்கிராபிள் மென்பொருள், பி-ஸ்டார் என்ற தேடல் முறையைத்தான் எண்ட்கேமுக்குப் பயன்படுத்தியது, அதுவும் எல்லாவற்றையும் தேடாமல் தேவையான கிளைகளை மட்டும் பிரித்துப் பார்க்கும் தந்திரம்தான். இன்று சந்தேகம் வந்தால் நான் போவது சீசர் டெல் சொலார் எழுதிய மகோண்டோ என்ற மென்பொருளிடம். பொத்தான், படம் எதுவும் கிடையாது, கட்டளை தட்டித்தான் வேலை வாங்கவேண்டும். ஆனால் பயனில்லாத கிளைகளை வெட்டிவிட்டுத் தேடும் ஆல்ஃபா-பீட்டா முறையில் நீங்கள் சொல்லும் ஆழம் வரை விடாமல் தேடும்.

ஆழம் என்றால் எத்தனை மூவ் முன்னால் பார்ப்பது என்பது. நான் ஒன்று வைத்தால் 1, எதிராளி ஒன்று வைத்தால் 2, பாஸ் செய்தாலும் ஒன்றாகத்தான் கணக்கு. இதைக் குறைவாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று சொல்கிறேன், பேப்பரும் பேனாவும் எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

எதிராளி கையில் க்யூ மட்டும். பலகையில் அதை வைக்க இடமே இல்லை. என் கையில் ஈ, ஆர், எஸ். மூன்றையும் சேர்த்து ஒரே வார்த்தையாக வைத்து 14 பாயிண்டுக்கு வெளியேறலாம். வெளியேறினால் எதிராளி கையிலிருக்கும் டைல்களின் மதிப்பு இரட்டிப்பாக எனக்கு, க்யூ 10, ஆக 20. மொத்தம் 34. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிராளியால் எதுவும் செய்ய முடியாதே, நான் ஏன் அவசரப்படவேண்டும்? ஈயை மட்டும் ஓர் இடத்தில் செருகினால் 8, அவர் பாஸ். ஆரை இன்னோர் இடத்தில் 6, அவர் பாஸ். எஸ்ஸைக் கொக்கியாக மாட்டி 9, வெளியேற்றம், 20. மொத்தம் 43. ஒன்பது பாயிண்ட் அதிகம், சும்மா பொறுமையாக இருந்ததற்கு.

இப்போது மென்பொருள் கண்ணில் பாருங்கள். மெதுவான வழி முடிய 5 மூவ் ஆகிறது: நான், பாஸ், நான், பாஸ், நான். ஆழத்தை 3 என்று வைத்திருந்தால் அது 8-ஐயும் 6-ஐயும் கூட்டி 14 வரை பார்த்துவிட்டு நின்றுவிடும். 20 போனஸ் அதன் பார்வைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்தப் பக்கம் 34 கண்ணெதிரே. உடனே வெளியேறு என்று சொல்லும். ஆழத்தை 5 ஆக்கினால் விடை மாறும். ஆழத்தைக் கூட்டும்போது விடை மாறினால், இன்னும் கூட்டுங்கள். அடுத்தடுத்த ஆழங்களில் மூவும் மதிப்பும் மாறாமல் நின்று, காட்டும் வரிசை ஆட்டம் முடிகிற வரை போகிறது என்றால்தான் நம்பலாம். இடம் இல்லாத நிலையில் இருவரும் ஒவ்வொரு டைலாக வைத்து இழுக்கும் ஆட்டங்கள் 10, 12 மூவ்வரைகூட நீளும்.

இதே உதாரணத்தில் பாஸ் என்பதும் ஒரு சட்டப்படியான மூவ் என்று மென்பொருளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். சொந்தமாக எழுதிய நிரல்களில் நான் பார்க்கும் முதல் பிழை இதுதான், வைக்க வார்த்தை இல்லையென்றால் ஆட்டம் முடிந்தது என்று எழுதிவிடுவார்கள். இன்னொன்று, தொடர்ந்து 6 முறை யாரும் மதிப்பெண் எடுக்காவிட்டால் போட்டி விதிப்படி ஆட்டம் முடியும், அப்போது இரட்டிப்பு கிடையாது, அவரவர் கையில் இருப்பது அவரவருக்குக் கழியும். இந்த இரண்டு முடிவுகளையும் குழப்பிக்கொண்டால் க்யூ போன்ற டைல் கையில் இருக்கும்போது கணக்கு 10, 20 என்று தவறும். பெட்டியில் வரும் விதிப்படி எதிராளிக்குக் கழித்து உங்களுக்குக் கூட்டுவார்கள், போட்டி விதிப்படி உங்களுக்கு இரட்டிப்பாகக் கூட்டுவார்கள். வித்தியாசம் இரண்டிலும் ஒன்றேதான், இருவரின் மொத்தம் மட்டும் வேறாகத் தெரியும். அதைப் பார்த்துப் பிழை என்று பதறவேண்டாம்.

காட்டும் எண்ணைப் புரிந்துகொள்வதிலும் ஒரு சறுக்கல் உண்டு. சில மென்பொருள்கள் ‘இந்த நிலையிலிருந்து முடிவுவரை எவ்வளவு கூடும், குறையும்’ என்று சொல்லும், சில கடைசி வித்தியாசத்தைச் சொல்லும். -5 என்று வந்தால் தோற்றுவிட்டதாக அர்த்தம் இல்லை. இப்போது 30 முன்னால் இருக்கிறீர்கள் என்றால் 25-இல் ஜெயிப்பீர்கள், எதிராளி கடைசி மூவ்களில் உங்களைவிட 5 கூடுதலாக எடுப்பார், அவ்வளவே. அதிக வித்தியாசத்தைத் தேடுகிறதா, வெற்றியைத் தேடுகிறதா என்றும் சிலர் குழம்புவார்கள். பை காலியாக இருந்து, தேடலும் முழுமையாக இருந்தால் இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகும். பையில் ஒரே ஒரு டைல் இருந்தாலும் அப்படி இல்லை. பார்க்காதவை 8 என்றால் பையில் கிடப்பது அந்த 8-இல் எதுவாகவும் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எண்ட்கேம் ஓட்டி எத்தனையில் ஜெயிக்கிறோம் என்று எண்ணவேண்டும். பையில் 2 என்றால் எதிராளி கை 36 விதம். அது வேறு தேடல், மகோண்டோவில் அதற்குத் தனிக் கட்டளையே இருக்கிறது, எண்ட்கேம் கட்டளையை அங்கே கொடுத்துவிட்டு விடை வரவில்லை என்று சொல்லக்கூடாது.

முடியாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் காரணம் பிளாங்க். இருவர் கையிலும் 7 டைல், ஒருவரிடம் பிளாங்க், பலகையும் திறந்து கிடக்கிறது என்றால் முதல் மூவுக்கே ஆயிரக்கணக்கில் வழிகள். ஆழத்தை 2, 3-இல் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள், 7 என்று எடுத்த எடுப்பிலேயே கொடுத்துவிட்டு மின்விசிறி கதறுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பார்த்த நிலைகளை மறுபடி கணக்கிடாமல் இருக்க மகோண்டோ நினைவகத்தில் பெரிய அட்டவணை ஒன்றை ஒதுக்கிக்கொள்ளும். 4 ஜிபி மடிக்கணினியில் பிரௌசரும் திறந்திருந்தால் நிரல் பொத்தென்று விழுவது இதனால்தான். எவ்வளவு நினைவகம் எடுக்கலாம் என்ற அமைப்பைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், மெதுவாகும், ஆனால் ஓடும்.

கையால் ஆடிப் பார்ப்பது

எல்லாம் சரிபார்த்தும் உங்கள் மூவ்தான் சிறந்தது என்று மனம் அடம்பிடித்தால், வாதாட வேண்டாம், ஆடிப் பாருங்கள். உங்கள் மூவை வையுங்கள், இப்போது எதிராளி முறை, அவருக்குச் சிறந்த மூவ் எது என்று மென்பொருளிடமே கேளுங்கள், அதை வையுங்கள், உங்களுக்கு மறுபடி கேளுங்கள், முடிவுவரை. அதே போல மென்பொருளின் மூவிலிருந்தும் ஒருமுறை. பத்தில் ஒன்பது தடவை, மூன்றாவது மூவிலேயே ‘அடடா, அங்கே அவர் அதை வைப்பாரா’ என்று தெரிந்துவிடும். அந்தப் பத்தாவது தடவை, மென்பொருள் சொன்ன மதிப்பைவிட அதிகமாக உங்கள் வழியில், எதிராளியின் எந்த மூவுக்கும் தாக்குப்பிடித்து வருகிறது என்றால், கையில் ஒரு நிஜமான பிழை கிடைத்திருக்கிறது.

சம மதிப்புள்ள மூவ்களைப் பிழை என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே வார்த்தையை இரண்டு இடத்தில் வைத்தாலும் முடிவு ஒன்றாக இருக்கலாம், ஒரு மென்பொருள் இதை முதலில் காட்டும், இன்னொன்று அதை. ஒப்பிடவேண்டியது மதிப்பை.

தமிழில் எழுத்தாட்டம் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும், இந்தப் பிழை எனக்கே நடந்தது. ‘கொ’ என்பது நமக்கு ஓர் எழுத்து, ஒரு டைல். கணினிக்கு க ஒன்று, ஒகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. சில விசைப்பலகைகளில் அந்தக் குறியே ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரிந்து விழும், அப்போது மூன்று. திரையில் எல்லாம் ஒன்று போலத் தெரியும், டைல் கணக்கோ எதிராளி கையில் 11 டைல் என்று காட்டும். சொற்பட்டியல், பலகை, கை, மூன்றையும் உள்ளே வாங்கும்போதே ஒரே ஒருங்குறி வடிவத்துக்கு மாற்றிவிட்டு, எழுத்தாகப் பிரித்து எண்ணுங்கள். ஸ்பானிய செட்டில் சிஎச், எல்எல், ஆர்ஆர் என்று இரண்டெழுத்து டைல்கள் இருப்பதால் அவர்களும் இதே தலைவலியைப் படுகிறார்கள்.

பிழை உறுதியானால் எழுதியவர்களுக்குத் தெரிவியுங்கள். திரையைப் படம் பிடித்து அனுப்பினால் அவர்கள் பலகை முழுவதையும் கையால் தட்டவேண்டியிருக்கும், அதில் அவர்களும் ஒரு பிளாங்க்கைத் தப்பாகத் தட்டுவார்கள். கோப்பை அனுப்புங்கள், எந்த மூவில் நிற்கிறது, எந்த அகராதி, மென்பொருளின் எந்தப் பதிப்பு, என்ன ஆழம் வைத்தீர்கள், அது சொன்ன வரிசை என்ன, நீங்கள் கண்டுபிடித்த வரிசை என்ன என்பதை ஆறு வரியில் எழுதுங்கள். அனுப்பும் முன் இன்னொரு தடவை பிளாங்க்கைப் பார்த்துவிடுங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் அனுப்பினேன், ‘உங்கள் 6-ஆவது மூவில் அது சின்ன எழுத்தா பெரிய எழுத்தா’ என்று ஒரே ஒரு வரியில் பதில் வந்தது.